கல்லடிப் பாலத்துக்கு மேலே ட்ரோன் விடலாமா?

அனுமதி எடுக்காமல் விடக்கூடாது, பக்கத்திலேயே விமான நிலையம் இருக்கிறது. இதைச் சொன்னவுடனே எங்கள் மட்டக்களப்பில் யாராக இருந்தாலும் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "பாலத்துக்கும் எயார்போர்ட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

கூகுள் மேப்பைத் திறந்து, திமிலைதீவில் இருக்கிற ஓடுபாதையின் நடுவில் விரலை வைத்து, தூரம் அளக்கிற வசதியால் அளந்து பாருங்கள். ஒல்லாந்தர் கோட்டை மூன்று கிலோமீட்டருக்குள் வந்துவிடும். கல்லடிப் பாலம் நான்குக்குள். கல்லடிக் கடற்கரை ஐந்துக்குள். மாமாங்கம் கோயிலும் உள்ளேதான். மட்டக்களப்பில் ட்ரோன் வாங்கிய எவரும் முதல் கிழமையே படம் பிடிக்க ஆசைப்படுகிற இடங்கள் எல்லாம் விமான நிலையத்தின் பக்கத்து வளவுகள் என்றுதான் சொல்ல வேண்டும். (பழைய பாலமும் புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற அந்த ஒரே ஷொட்டை இன்னும் எத்தனை பேர் எடுக்கப் போகிறார்களோ.) எங்களுக்கு விமான நிலையம் ஊருக்கு வெளியே எங்கேயோ இருக்கிற ஒன்று இல்லை, ஊர்தான் அதைச் சுற்றி இருக்கிறது, ஆனால் அங்கே பெரிய விமானங்கள் வராததால், சத்தம் அடிக்கடி கேட்காததால், அது இருப்பதே மறந்து போகிறது.

"ஒரு நாளைக்கு ஒரு பிளேன் வாறதே பெரிய விசயம் அண்ணே, அது வந்தா நாங்க இறக்கிருவம்" என்று கலியாண வீட்டுக்குக் கமெராவோடு வந்த தம்பி ஒருவன் என்னிடம் சொன்னான். நல்ல பொடியன், வேலையும் சுத்தம். ஆனால் இந்தக் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

முதலாவது, இறக்க எடுக்கும் நேரம். இங்கே வருகிற சிறிய விமானம், செஸ்னா கேரவன் மாதிரி ஒற்றை இயந்திரம் கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், இறங்கும்போதும் மணிக்கு 150 கிலோமீட்டர் அளவில் வரும். அரை நிமிடத்தில் ஒன்றேகால் கிலோமீட்டர் கடந்துவிடும். சின்ன ட்ரோன்கள் சாதாரண நிலையில் வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில்தான் கீழே இறங்கும், அதற்கு மேல் வேகமாக இறக்கினால் தன் இறக்கைகள் கிளப்பிய காற்றுக்குள்ளேயே விழுந்து தள்ளாடும் என்பதால் தயாரிப்பாளர்களே அப்படி மட்டுப்படுத்தி வைத்திருக்கிறார்கள். 100 மீட்டர் உயரத்தில் நிற்கிற ட்ரோன் தரைக்கு வர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். இதில் கடற்காற்று, அலைச் சத்தம், பக்கத்தில் மாப்பிள்ளையின் தோழர்கள் போட்ட பாட்டுப்பெட்டி என்று எல்லாம் சேர்ந்தால் விமானச் சத்தம் உங்கள் காதுக்கு எட்டுவதே கடைசியில்தான். சத்தம் கேட்டு, தலையைத் தூக்கி, எந்தப் பக்கம் என்று தேடி, மறுகா ரிமோட்டைப் பார்த்து... அதற்குள் அது போயிருக்கும், அல்லது போகாமல் இருக்கும்.

இரண்டாவது, ஹெலி. திமிலைதீவில் இருப்பது வெறும் பயணிகள் விமான நிலையம் இல்லை, அது விமானப்படைத் தளம். 1983இல் விமானப்படை எடுத்துக்கொண்ட இடம், 2018இல்தான் பயணிகள் போக்குவரத்துக்குத் திறந்துவிட்டார்கள். பயணிகள் விமானத்துக்காவது நேர அட்டவணை இருக்கும், விமானப்படை ஹெலி யாரிடமும் நேரம் சொல்லிவிட்டு வருவதில்லை. அது ஓடுபாதையின் நேர்கோட்டில்தான் வரவேண்டும் என்றும் இல்லை, வாவிக்கு மேலே தாழ்வாக, எந்தப் பக்கத்தாலும் வரும். பக்கத்தில் வருகிற விமானத்தைத் திரையில் காட்டுகிற வசதி சில ட்ரோன்களில் உண்டுதான், ஆனால் அந்த விமானம் தன் இருப்பிடத்தை ஒலிபரப்பினால்தான் அது வேலை செய்யும், படை விமானங்கள் எப்போதும் அப்படி ஒலிபரப்பிக்கொண்டு பறப்பதில்லை.

சரி, 120 மீட்டர் விதி? இதைத்தான் யூடியூப் பார்த்து வளர்ந்தவர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். 400 அடிக்கு மேலே போகாதே, போகாவிட்டால் பிரச்சினை இல்லை என்று. பிரித்தானியா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் பொது உச்சவரம்பு அதுதான், உண்மை. ஆனால் அது திறந்த வெளிக்கான எண். விமானம் பொதுவாக 3 பாகைச் சரிவில் இறங்கும். அந்தச் சரிவைக் கணக்குப் போட்டால், ஓடுபாதை தொடங்கும் இடத்திலிருந்து 2 கிலோமீட்டர் தள்ளி விமானம் கிட்டத்தட்ட 105 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒரு கிலோமீட்டரில் அதில் பாதி. அதாவது ஓடுபாதைக்கு நேரே நின்றுகொண்டு "நான் 120க்குக் கீழேதான் நிற்கிறேன்" என்று சொல்கிறவர் விமானம் வருகிற அதே உயரத்தில்தான் நிற்கிறார், சில இடங்களில் அதற்கு மேலேயும் நிற்கிறார். எங்கள் ஓடுபாதை தென்மேற்கிலிருந்து வடகிழக்காகக் கிடக்கிறது. வடகிழக்கு முனையிலிருந்து அப்படியே ஒரு கோடு இழுத்தால் அது நகரத்தின் மேலாகப் போய்க் கல்லடிப் பக்கத்தால் கடலுக்குள் இறங்கும். மற்ற முனையிலிருந்து இழுத்தால் வாவியைத் தாண்டி வவுணதீவுப் பக்கம். அந்தப் பக்கம் வயல்வெளி, ஆட்கள் இல்லை, தாராளமாக விடலாம் என்று வலையிறவுப் பாலத்தடியில் போய் நிற்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இந்த வடிவத்தைச் சட்டமாகவே எழுதியவர்கள் பிரித்தானியர்கள். முதலில் விமான நிலைய எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் என்று வைத்திருந்தார்கள். 2018 டிசம்பரில் லண்டன் கட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் தெரிந்தது என்று தகவல் வந்து ஓடுபாதையை மூடியதில் சுமார் 1,000 விமானங்களும் 1,40,000 பயணிகளும் நத்தார் நேரத்தில் அல்லல்பட்டார்கள். விட்டது யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. அடுத்த மார்ச் மாதமே விதி மாறியது: பெரிய வட்டம் ஒன்று, அதோடு ஓடுபாதையின் இரண்டு முனைகளிலிருந்தும் 5 கிலோமீட்டர் நீளமும் ஒரு கிலோமீட்டர் அகலமும் கொண்ட இரண்டு நீள்சதுரங்கள். கனடாவில் விமான நிலையத்திலிருந்து 5.6 கிலோமீட்டர், ஹெலி இறங்குதளத்திலிருந்து 1.9. ஆஸ்திரேலியாவில் 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோன் என்றால் கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையத்திலிருந்து 5.5. இந்தியாவில் அனுமதி எடுத்துத்தான் பறக்கலாம் என்கிற மஞ்சள் வலயம் முன்பு 45 கிலோமீட்டர் வரை இருந்தது, 2021 விதிகளில் அதை 12 ஆகக் குறைத்தார்கள். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கிறவர்கள் 5 மைலுக்குள் என்றால் விமான நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்றிருந்தது, இப்போது தூரக் கணக்கை விட்டுவிட்டு, கட்டுப்பாட்டு வான்பரப்பு என்றால் போனிலேயே விண்ணப்பித்து அனுமதி எடுத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், பல இடங்களில் சில வினாடிகளில் பதில் வந்துவிடும்.

ஒரு விளையாட்டுக்கு அந்த ஐந்தரைக் கிலோமீட்டர் வட்டத்தைத் திமிலைதீவின் மேல் வைத்துப் பார்த்தேன். பாலமீன்மடு வெளிச்சவீடு ஏறக்குறைய கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. காத்தான்குடி வெளியே. மட்டக்களப்பு நகரம் என்று நாங்கள் சொல்கிற அத்தனையும் உள்ளே. எங்கள் நாட்டு விதி இதே எண் என்று நான் சொல்லவில்லை, உலகத்தில் இந்த வேலையைச் செய்கிறவர்கள் "கிட்ட" என்று எதை நினைக்கிறார்கள் என்பதற்கு இது ஓர் அளவுகோல்.

இலங்கையில் இதற்குப் பொறுப்பு சிவில் விமான சேவைகள் அதிகார சபை. 2010ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருகிறது. ட்ரோனைப் பதிவு செய்வது, பறக்க அனுமதி எடுப்பது எல்லாம் அங்கேதான், விமான நிலையம், படை முகாம் போன்ற இடங்களுக்கு அருகே என்றால் அந்த அனுமதி இல்லாமல் பேச்சுக்கே இடமில்லை. பிரதேச செயலகத்தில் ஒருவரைத் தெரியும், பொலிஸில் மச்சான் இருக்கிறார் என்பதெல்லாம் இதற்குள் வராது. அதோடு 2019க்குப் பிறகு எங்கள் ஊரில் இது வெறும் விமானப் பாதுகாப்பு விஷயமும் இல்லை. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் நடந்து சில நாட்களில் நாடு முழுவதும் ட்ரோன் பறப்பதை நிறுத்தினார்கள், அன்று குண்டு வெடித்த சீயோன் தேவாலயம் இருக்கிற நகரத்தில் அது ஏன் என்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. முகாமுக்கு மேலே தெரியாத ஒரு ட்ரோன் நின்றால் அதைப் பார்க்கிற சிப்பாய்க்கு அது கலியாண வீடியோ என்று எப்படித் தெரியும்?

ஒரே ஒரு குறை எனக்கு உண்டு. இந்த ஊரில் எதுவரை விடலாம், எங்கே கேட்க வேண்டும் என்று தமிழில், வரைபடத்தோடு, ஒரு பக்கத்தில் பார்க்கிற மாதிரி எதுவும் என் கண்ணில் படவில்லை. கட்டுநாயக்கவிலும் இரத்மலானையிலும் பட்டம் விடுகிறவர்களுக்குக்கூட ஒவ்வொரு பட்டக் காலமும் எச்சரிக்கை வருகிறது. ஓடுபாதைக்கு அருகே குடியிருக்கிற புதூர், திமிலைதீவுச் சனத்துக்கு ஒரு பலகையாவது வைத்தால் நன்றாக இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் மாமாங்கத் தீர்த்தக் காலத்தில் அரைவாசி ட்ரோன்கள் அவர்களுடையவை. டொரொன்டோவில் பதிவு செய்த ட்ரோன், அங்கே சோதனை எழுதிப் பெற்ற சான்றிதழ், எல்லாம் சரிதான், ஆனால் அது அங்கேதான் செல்லும். இங்கே கொண்டுவரும்போதே பாதுகாப்பு அமைச்சும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் அனுமதி கொடுத்தனவா என்ற கேள்வி சுங்கத்தில் வரும். அதைத் தாண்டி வந்தாலும் பறப்பதற்கான அனுமதி வேறு. இன்னொன்று, "இது 249 கிராம்தான் மாமா, இதுக்கு ஒண்டும் தேவையில்லை" என்பது. அந்த 249 எப்படி வந்தது தெரியுமா? அமெரிக்கா உட்படப் பல நாடுகளில் 250 கிராமிலிருந்துதான் பதிவு தொடங்குகிறது, அதற்காகவே தயாரிப்பாளர்கள் ஒரு கிராம் குறைத்துச் செய்கிறார்கள். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்கு விடுகிறவர்களுக்கு அந்த எடையில் பதிவுதான் விலக்கு, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விடுவதற்கு அதற்கும் அனுமதி வேண்டும். பிரித்தானியாவின் தடை வலயமும் அப்படித்தான், எடை பார்ப்பதில்லை.

செயலி தடுக்கவில்லையே, தடுக்காவிட்டால் விடலாம்தானே என்பது அடுத்தது. முன்பு டிஜேஐ நிறுவனத்தின் ட்ரோன்கள் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் மோட்டரையே இயங்க விடாது. ஐரோப்பாவில் 2024இலும் அமெரிக்காவில் 2025 ஜனவரியிலும் அந்தக் கட்டாயத் தடுப்பை எடுத்துவிட்டு, எச்சரிக்கை மட்டும் காட்டுகிற மாதிரி மாற்றிவிட்டார்கள். பொறுப்பு இனி உங்களுடையது என்பதுதான் அதன் அர்த்தம். திரையில் மஞ்சள் வருகிறது, பெருவிரலால் ஒரு தட்டு, மறைந்து போகிறது.

நான் அதிகம் பயப்படுவது வேறொரு பொத்தானுக்கு. சிக்னல் அறுந்தால் ட்ரோன் தானாக வீடு திரும்பும், தெரியும்தானே. திரும்புவதற்கு முன்னால் அது என்ன செய்யும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதலில் நேரே மேலே ஏறும், அமைப்பில் போட்டிருக்கிற உயரம் வரை, பல மாடல்களில் அது 100 மீட்டர். பாலத்துக்குக் கீழே தண்ணீரை ஒட்டி ஐந்து மீட்டரில் பறக்கவிட்டு அழகு பார்க்கிறவரின் ட்ரோன், இரும்புக்குப் பின்னால் சிக்னல் போன அந்த நொடியில், அவர் கேட்காமலே இறங்குபாதையின் உயரத்துக்கு ஏறப் பார்க்கும். தாழ்வாகத்தானே விடுகிறேன் என்கிற நியாயம் அதோடு முடிந்தது. அமைப்புக்குள் போய் அந்த உயரத்தைச் சுற்றியிருக்கிற மரம், கோபுரம், கம்பத்தைத் தாண்டும் அளவுக்கு மட்டும் குறைத்து வையுங்கள். கட்டிடம் எதுவும் இல்லாத கடற்கரையில் அதற்கு 100 மீட்டர் எதற்கு?

மோதினால் என்ன ஆகிவிடும், பறவையே மோதுகிறதே என்பவர்களுக்கு: பறவை நசுங்கும், ட்ரோனின் மோட்டரும் பேட்டரியும் நசுங்காது. அதே எடையுள்ள பறவையைவிட ட்ரோன் அதிக சேதம் செய்யும் என்று அமெரிக்க ஆய்வு ஒன்று 2017இலேயே சொல்லிவிட்டது. அதே வருடம் செப்டம்பரில் நியூயோர்க் பக்கத்தில் பிளக் ஹோக் ஹெலி ஒன்றில் ஒரு பொழுதுபோக்கு ட்ரோன் மோதி, ஹெலியின் பிரதான இறக்கை சேதமானது. விட்டவர் 4 கிலோமீட்டர் தள்ளி நின்றுகொண்டு, திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெலியில் சிக்கிக் கிடந்த மோட்டர்த் துண்டில் இருந்த இலக்கத்தை வைத்துத் தேடிப்போய் விசாரணையாளர்கள் கதவைத் தட்டும் வரை, தன் ட்ரோன் தண்ணீரில் விழுந்துவிட்டது என்றுதான் அந்த மனிதர் நினைத்திருந்தார். அடுத்த மாதமே கனடாவின் கியூபெக்கில் இறங்க வந்த ஒரு சிறிய பயணிகள் விமானத்தின் இறக்கையில் இன்னொரு ட்ரோன் மோதியது. எட்டுப் பேர் இருந்தார்கள், பத்திரமாக இறங்கினார்கள். அந்த ட்ரோனை விட்டவர் யார் என்று தெரியவரவே இல்லை.

இந்தக் கதைகளில் எங்களுக்குக் கிட்டியது 2025 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது. காட்டுத்தீயை அணைக்கத் தண்ணீர் கொண்டுபோன விமானம் ஒன்றின் இறக்கையைத் தீயைப் படம் பிடிக்கப் போன ஒரு சின்ன ட்ரோன் துளைத்துவிட்டது. விமானம் இறங்கி, திருத்த வேலைக்குப் போய், தீ எரிந்துகொண்டிருந்த நேரத்தில் வேலை செய்யாமல் நின்றது. எங்களுக்குத் தீ இல்லை, மாரி மழை இருக்கிறது. வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரை தண்ணீருக்குள் போய்ப் பாதை அறுந்தால், கிரான், வாகரைப் பக்கம் ஹெலிதான் போக வேண்டும். அந்த நாட்களில் ஹெலிக்கு ஓடுபாதை கிடையாது, பள்ளிக்கூட மைதானம், குளக்கட்டு, மேட்டு வயல் என்று எங்கே காய்ந்த நிலம் தெரிகிறதோ அங்கே இறங்கும். அதாவது வழக்கமாக விமான நிலையத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரும் அன்றைக்கு விமான நிலையம்தான். அதே நாட்களில்தான் வெள்ளத்தை மேலேயிருந்து எடுத்து முகநூலில் போட வேண்டும் என்று எல்லோருக்கும் கை அரிக்கிறது. அந்தக் காட்சியால் பயன் உண்டு என்றால் பிரதேச செயலகத்திடமோ அனர்த்த முகாமைத்துவப் பிரிவிடமோ போய், என்னிடம் ட்ரோன் இருக்கிறது, தேவை என்றால் சொல்லுங்கள் என்று சொல்லுங்கள், அவர்கள் ஹெலி வராத நேரம் பார்த்துச் சொல்வார்கள். மற்றப்படி வெள்ள நேரத்தில் ட்ரோன் பெட்டிக்குள் இருக்கட்டும்.

அம்பாறைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உகணையில் விமானப்படைத் தளமும் ஓடுபாதையும் இருக்கின்றன, அம்பாறை நகரம் அதற்கு அவ்வளவு தூரமும் இல்லை. அறுகம்பை பரவாயில்லை, பக்கத்தில் ஓடுபாதை எதுவும் கிடையாது, ஆனால் அலையில் சறுக்குகிறவர்களின் தலைக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துவது வேறு ஒரு வழக்கு. குமண, கல்லோயா என்று தேசிய பூங்காப் பக்கம் போனால் வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும், யானைக்கு ட்ரோன் சத்தம் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சின்ன மாமாவின் மகளுக்குக் கலியாணம் பேசியிருக்கிறார்கள், மண்டபம் கல்லடியில். மேலே சொன்ன அதே கமெராத் தம்பிதான். அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேப்பில் கோடு இழுத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப பாசிக்குடாவில வெளிப்புற ஷூட் வைப்பமா அண்ணே, அது எட்டத்தானே" என்றான். எட்டம்தான், நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டருக்குக் கிட்ட வரும், ஆனால் பதிவும் அனுமதியும் அங்கேயும் வேண்டும், அதற்கு இப்போதே எழுதிப்போடு என்றேன். சரி என்று தலையாட்டினான். மண்டபத்து நாளில் ட்ரோன் இல்லை என்று மாமிக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பக்கேஜில் அதற்கு எவ்வளவு குறைப்பீர்கள் என்று அவர் கேட்டார். தம்பி ஒரு சதமும் குறைக்கவில்லை, பாசிக்குடாவுக்கு வான் கூலி வேறு கேட்கிறான்.